மால்டாவில் புனித யோவான் சபையின் தடத்தைப் பார்ப்பது எப்படி: ஒரு நர்ஸின் வழிகாட்டி

மால்டாவுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் தலைநகர் வலேட்டாவைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்குத்தான் வரும். சந்தோஷமாகச் செய்கிறேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டூட்டி இல்லாத நாளில் இந்த ஊர்ச் சந்துகளில் நடப்பதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் கவசம் போட்ட குதிரை வீரர்களை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சிலுவைப் போர், கோட்டை, பீரங்கி, வாள் எல்லாம் இங்கே உண்டு, ஆசை தீரப் பார்க்கலாம். ஆனால் 1530 முதல் 1798 வரை இந்தத் தீவை ஆண்ட கிறிஸ்தவத் துறவி-வீரர் அமைப்பான புனித யோவான் சபையை வாளில் தொடங்கிப் பார்த்தால் கடைசிவரை பிடிபடாது. நோயாளியின் கட்டிலில் தொடங்குங்கள். அந்த வாள் எதற்காக வந்தது, எங்கே எல்லை தாண்டியது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

கிளம்பும் முன் படிக்க வேண்டியது

ஊரைப் பார்க்கும் முன் ஜெருசலேமைப் பற்றி ஒரு பத்து நிமிடமாவது படித்துவிடுங்கள். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்களின் ஆதரவில் அங்கே யாத்ரீகர்களுக்காக ஒரு மருத்துவ விடுதி நடந்துவந்தது. ஜெரார்டு என்ற சகோதரர் அதைக் கவனித்துக்கொண்டார். 1099-ல் முதல் சிலுவைப் போர்ப் படை நகரைப் பிடித்தபோது விடுதி ஏற்கெனவே அங்கே இருந்தது. வென்றவர்கள் நிலமும் வருமானமும் எழுதி வைத்தார்கள். 1113 பிப்ரவரி 15 அன்று போப் இரண்டாம் பாஸ்கல் அதைத் தனிச் சபையாக ஏற்று ஆணை பிறப்பித்தார். அந்த ஆணையின் தோல் ஏடு இன்று வலேட்டாவில், மால்டா தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஜெரார்டுக்குப் பின் தலைமைக்கு வந்தவர் ரேமோன் து புய். சபையின் விதிகளை எழுதியவர் அவர்தான். நோயாளி வந்து சேர்ந்தால் அவரை வீட்டு எஜமானரைப் போல நடத்த வேண்டும், சகோதரர்கள் சாப்பிட உட்காரும் முன் அவருக்கு உணவு போய்ச் சேர வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. அதே ரேமோன் காலத்தில், 1136-ல், ஜெருசலேம் அரசர் பெத்ஜிபெலின் என்ற கோட்டையைச் சபையிடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் சிரியாவின் புகழ்பெற்ற க்ராக் தெ ஷெவாலியே கோட்டையும் கைக்கு வந்தது. யாத்ரீகருக்குக் கட்டில் போட்டவர்கள், வழியில் அவருக்குக் காவல் நின்றார்கள். பிறகு கோட்டை காத்தார்கள். பிறகு தாங்களே படை நடத்தினார்கள். படிப்படியாக நடந்த மாற்றம் இது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1182-ல் சபைத் தலைவர் ரொஜே தெ மூலான் காலத்தில் ஆஸ்பத்திரிக்கென ஒரு சட்டத் தொகுப்பு நிறைவேறியது. நர்ஸிங் படித்த எவரும் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பேன். கட்டில்கள் ஓய்வுக்கு ஏற்ற நீள அகலத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனிப் போர்வை, தனி விரிப்பு. கழிப்பறைக்கு எழுந்து போகிறவருக்கு மேலங்கி, காலணி, கம்பளித் தொப்பி. வாரத்தில் மூன்று நாள் பன்றி அல்லது ஆட்டிறைச்சி. அது ஒத்துக்கொள்ளாதவருக்குக் கோழி. சிறுநீரைப் பார்த்து நோயறியத் தெரிந்த நான்கு மருத்துவர்கள் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். இன்னொன்று இருக்கிறது: யாத்திரை வந்த இடத்தில் பிரசவமான பெண்களின் குழந்தைகளுக்குத் தனிச் சிறு தொட்டில் செய்ய வேண்டும், தாய் புரண்டு படுப்பதால் குழந்தைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். பிரசவ வார்டில் இரவு டூட்டி பார்த்த யாருக்கும் இந்த வரியை எழுதியவர் வார்டில் நின்று பார்த்தவர் என்று தெரிந்துவிடும். பாரிஸின் பெரிய ஆஸ்பத்திரியில் 18ஆம் நூற்றாண்டிலும் ஒரே கட்டிலில் பல நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். அதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே ஜெருசலேமில் ஆளுக்கொரு விரிப்பு என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அக்காலத்தில் எழுதிய ஒரு கிறிஸ்தவக் குரு, முஸ்லிம்களையும் யூதர்களையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள் என்று குறித்திருக்கிறார். அதே முஸ்லிம்களுக்கு எதிராகச் சபையின் படை களத்தில் நின்ற காலம் அது. இரண்டும் ஒரே சபை, ஒரே தலைமை, ஒரே கஜானா. இதைக் கூட்டிக் குறைக்காமல் அப்படியே மனதில் வைத்துக்கொண்டு கப்பலேறுங்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1187-ல் ஜெருசலேம் முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் கைக்குப் போனது. 1291-ல் துறைமுக நகரான ஆக்கர் வீழ்ந்தது. சபை சைப்ரஸுக்கு நகர்ந்தது. 1310 வாக்கில் ரோட்ஸ் தீவு முழுவதும் அவர்கள் வசம். 1312-ல் இன்னொரு துறவி-வீரர் அமைப்பான டெம்ப்ளர் சபை கலைக்கப்பட்டபோது அதன் சொத்துகளில் பெரும்பகுதி இவர்களுக்கு வந்தது. 1522-ல் துருக்கிய ஒட்டோமான் பேரரசின் சுல்தான் சுலைமானின் நீண்ட முற்றுகைக்குப் பின் ரோட்ஸும் போனது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் வீடற்று அலைந்தவர்களுக்கு 1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டா, கோஸோ தீவுகளையும் வட ஆப்பிரிக்காவின் திரிபோலியையும் கொடுத்தார். ஆண்டு வாடகை ஒரே ஒரு வல்லூறுப் பறவை.

முதலில் பிர்கு

எல்லோரும் வலேட்டாவில் தொடங்குவார்கள். நீங்கள் துறைமுகத்தின் எதிர்க்கரை ஊரான பிர்குவில் தொடங்குங்கள். சபை இங்கே வந்து இறங்கியபோது வலேட்டா என்ற நகரமே இல்லை, வெறும் பாறை மேடு. தீவின் பழைய தலைநகர் ம்டினா உள்நாட்டில் இருந்தது. கப்பற்படை வைத்திருந்தவர்களுக்குத் துறைமுகம் வேண்டும் என்பதால் பிர்குவில் தங்கினார்கள்.

வலேட்டாவின் மேல் பரக்கா தோட்டத்திலிருந்து லிஃப்டில் கீழே இறங்கினால் படகுத் துறை. பிர்கு உள்ளிட்ட ‘மூன்று நகரங்களுக்கு’ப் போகும் ஃபெரியில் சில நிமிடங்களில் அக்கரை. தைசா என்ற சிறு மரப்படகுகளும் உண்டு. கடல் அமைதியாக இருந்தால் தைசாவில் போங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து சாந்த் ஆஞ்சலோ கோட்டையை நிமிர்ந்து பார்த்தால்தான் 1565-ல் முற்றுகை போட்ட ஒட்டோமான் வீரன் எதைப் பார்த்தான் என்று தெரியும்.

கோட்டைக்கு முன்பாகச் சாந்தா ஸ்கோலாஸ்திகா தெருவுக்குப் போங்கள். 1532-ல், அதாவது வந்திறங்கிய இரண்டே ஆண்டில், அவர்கள் கட்டிய முதல் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. இன்று அது பெனடிக்ட் சபைக் கன்னியர்களின் அடைபட்ட மடம். உள்ளே போக முடியாது; வெளிச் சுவரை மட்டும் பார்க்கலாம். பெரிதாக ஒன்றும் கண்ணில் படாது. ஆனாலும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். தங்களுக்கென்று அரண்மனையோ தலைநகரமோ எழுப்புவதற்கு முன்பு கட்டியது இது.

அப்படியே நடந்து புனித லாரன்ஸ் கோயிலையும், பக்கத்தில் புனித யோசேப்பு சிற்றாலயத்தில் வைத்திருக்கும், முற்றுகைக் காலத்து கிராண்ட் மாஸ்டர் (சபைத் தலைவர்) ழான் தெ வலேட்டின் தொப்பியையும் வாளையும் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போங்கள்.

1565 மே 18 முதல் செப்டம்பர் 8 வரை நடந்த பெரும் முற்றுகையின் மையம் இந்தக் கரைதான். ஒட்டோமான் தளபதி முஸ்தபா பாஷா. கடற்படைக்குப் பியாலே பாஷா. பிறகு வந்து சேர்ந்த துர்குத் ரெய்ஸ் களத்திலேயே மாண்டார். எதிர்க்கரையில் தெரியும் சாந்த் எல்மோ கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23 அன்று விழுந்தது. அதன் பிறகு நைட்டுகள் எனப்படும் சபை வீரர்களின் சடலங்களைச் சிதைத்து மரச் சிலுவைகளில் கட்டி இந்தப் பக்கம் மிதக்க விட்டார்கள். பதிலுக்கு வலேட் கைதிகளின் தலைகளை வெட்டிப் பீரங்கியில் வைத்துச் சுட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வழிகாட்டிகள் சிலர் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டைகளைக் காத்து நின்ற நைட்டுகள் சுமார் 500 பேர். அவர்களோடு நின்ற மால்டா குடிமக்கள் பல ஆயிரம் பேர். ஐரோப்பியப் பிரபு வம்சத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் முழு நைட்டாக முடியும் என்பது சபை விதி. உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கல் சுமந்ததும் சுவரில் நின்று செத்ததும் அவர்கள், பெயர் பெற்றது வேறு சிலர். இன்றும் செப்டம்பர் 8 இங்கே தேசிய விடுமுறை. அந்த நாளில் வர முடிந்தால் துறைமுகத்தில் படகுப் போட்டி பார்க்கலாம். பிர்கு, பொர்ம்லா ஊர்க்காரர்கள் கத்துகிற கத்தலில் அந்த விழா யாருடையது என்று புரிந்துவிடும்.

சாந்த் ஆஞ்சலோவின் மேல் தளத்தை மால்டா அரசு 99 ஆண்டு ஒப்பந்தத்தில் சபைக்கே திரும்பக் கொடுத்திருக்கிறது. அங்கே சபையின் கொடி பறக்கும். அந்தப் பகுதிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. மற்ற தளங்களை அரசின் பாரம்பரியச் சின்னங்கள் நிறுவனமான ஹெரிட்டேஜ் மால்டா பராமரிக்கிறது, டிக்கெட் வாங்கிப் போகலாம்.

சுவரில் இருக்கும் சின்னத்தை வைத்துக் காலம் கண்டுபிடிப்பது

மறுபடி வலேட்டாவுக்கு வாருங்கள். முற்றுகை முடிந்த அடுத்த ஆண்டு, 1566 மார்ச் 28 அன்று, அடிக்கல் நாட்டிய நகரம் இது. இத்தாலியப் பொறியாளர் ஃபிரான்செஸ்கோ லாபரெல்லி திட்டம் வரைந்தார். அவருக்குப் பின் மால்டாக்காரரான ஜிரோலமோ கஸ்ஸார் கட்டடங்களை எழுப்பினார்.

இந்தத் தெருக்களில் கைடு இல்லாமலே ஒரு கட்டடத்தின் காலத்தைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. வாசலுக்கு மேலே கேடய வடிவில் குலச்சின்னம் இருக்கும். அது நான்கு கட்டமாகப் பிரிந்து, மேல் இடது, கீழ் வலது கட்டங்களில் வெறும் கூட்டல் குறி போன்ற சிலுவை இருந்தால் அது ஒரு கிராண்ட் மாஸ்டருடையது. அந்த நேர்ச் சிலுவை சபையின் கொடிச் சின்னம். சிவப்புத் தரையில் வெள்ளை. மற்ற இரண்டு கட்டங்களில் அவருடைய குடும்பச் சின்னம். பருத்திச் செடி இருந்தால் கொட்டோனர் சகோதரர்கள், 1660 முதல் 1680 வரை. பேரிக்காய்கள் இருந்தால் பெரெல்யோஸ், 1697 முதல் 1720 வரை. ஐந்து பிறைகள் இருந்தால் பின்டோ, 1741 முதல் 1773 வரை. மூன்று லில்லிப் பூக்கள் இருந்தால் விஞாகூர், 1601 முதல் 1622 வரை. ம்டினா பக்கத்து ஊற்றுகளிலிருந்து வலேட்டாவுக்குக் குடிநீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலம் விஞாகூருடையது. 1615-ல் தண்ணீர் வந்தது. அந்தப் பாலத்தின் வளைவு நிற்கும் ஊருக்கே அவருடைய லில்லிப் பூவின் பெயர்தான்: ஃப்ளர்-தெ-லீஸ்.

பழகிப் பார்க்கச் சரியான இடம் காஸ்தீல் மாளிகை. இன்று பிரதமர் அலுவலகம். ஸ்பெயினின் காஸ்தீல், லெயோன் பகுதிகளையும் போர்ச்சுகலையும் சேர்ந்த நைட்டுகள் தங்கிய விடுதி அது; பின்டோ காலத்தில் புதுப்பித்துக் கட்டினார்கள். வாசலுக்கு மேலே அவருடைய மார்பளவுச் சிலை, சுற்றிலும் பிறைகள். சின்னத்தின் மேல் மூடிய கிரீடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய கிரீடம் அரசர்களுக்குரியது. வறுமை விரதம் எடுத்த துறவி, தன்னை மன்னராகக் காட்டிக்கொண்டார்.

சில வாசல்களில் கேடயம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது, உளியால் கொத்தியெடுத்த தடம் தெரியும். அது 1798-ல் வந்த பிரெஞ்சுக்காரர்களின் வேலை. பிரபு வம்சச் சின்னங்களையெல்லாம் அகற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

சபையின் இன்னொரு சின்னமான எட்டு முனைச் சிலுவையைத் தேடுகிறவர்கள் சட்டைப்பையிலேயே பார்க்கலாம். மால்டாவின் 1 யூரோ, 2 யூரோ நாணயங்களில் அதுதான் இருக்கிறது. தேசியக் கொடியில் இருப்பது வேறு. அது 1942-ல் பிரிட்டிஷ் மன்னர் கொடுத்த ஜார்ஜ் சிலுவை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள், ஊர்க்காரர்கள் உடனே திருத்துவார்கள்.

சாக்ரா இன்ஃபெர்மேரியா

வலேட்டாவின் கீழ்க்கோடியில், சாந்த் எல்மோ கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1574-ல் சபை தொடங்கிய ஆஸ்பத்திரி. இன்று மாநாட்டு மையம். மாநாடோ விருந்தோ நடக்கும் நாளில் உள்ளே விட மாட்டார்கள். எதிரே மால்டா எக்ஸ்பீரியன்ஸ் என்ற ஒலி-ஒளிக் காட்சி நடக்கும் இடத்தில் டிக்கெட் வாங்கினால் அதோடு சேர்த்து இந்தக் கட்டடத்தையும் சுற்றிக் காட்டுவார்கள். போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று காலையிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பெரிய வார்டின் நீளம் 155 மீட்டர். ஒரு கோடியில் நின்றால் மறுகோடியில் இருப்பவரின் முகம் தெரியாது. நடந்து பாருங்கள். நான் நடக்கும்போதெல்லாம் கால்கள் தானாகக் கணக்குப் போடும்: ஒரு ஷிஃப்டில் இதை எத்தனை தடவை போய் வந்திருப்பார்கள், மருந்து வண்டி இல்லாத காலத்தில் கஞ்சிச் சட்டியை எப்படிக் கொண்டு போயிருப்பார்கள், கடைசிக் கட்டிலில் இருப்பவர் கூப்பிட்டால் யாருக்குக் கேட்டிருக்கும். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கின்றன. வெயில் நேரடியாகக் கட்டிலில் விழாது. ஆனால் கீழே காற்றும் வராது. துறைமுகத்தை ஒட்டிக் கட்டியதால் கப்பலில் வரும் நோயாளிகளை நேராக உள்ளே கொண்டுவர முடிந்தது. அதே காரணத்தால் கடல் ஈரமும் தெற்குக் காற்றின் புழுக்கமும் நோயாளிகளை வாட்டின என்று பின்னாள் மருத்துவர்கள் குறைப்பட்டார்கள்.

இங்கே உணவும் மருந்தும் வெள்ளித் தட்டில், வெள்ளிக் கிண்ணத்தில் பரிமாறினார்கள். கிருமியைக் கொல்லும் என்பதற்காக வெள்ளியைப் பயன்படுத்தினார்கள் என்று கைடுகள் சொல்வதைக் கேட்பீர்கள். கிருமி என்ற ஒன்றையே யாரும் அறியாத காலம் அது. ரேமோன் விதியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள்: நோயாளி எஜமானர். எஜமானருக்கு வெள்ளித் தட்டில்தான் வைப்பார்கள். எனக்கு அந்தக் காரணம் போதும். நாகர்கோவிலில் பயிற்சி எடுத்தபோது எங்கள் மேட்ரன், படுக்கையில் இருப்பவருக்குச் சாப்பாட்டைத் தட்டென்று வைக்கக் கூடாது, குனிந்து கையில் கொடுக்க வேண்டும் என்பார். அவர் இந்தச் சபையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், சொன்னதென்னவோ இதேதான்.

நைட்டுகளும் வார்டில் வேலை செய்தார்கள். மொழிவாரியாகப் பிரிந்திருந்த ஒவ்வொரு குழுவுக்கும் முறை வைத்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் நோயாளிகளுக்குப் பரிமாறினார்கள், கிராண்ட் மாஸ்டரும் வந்து பரிமாறியதுண்டு. ஆஸ்பத்திரித் தலைமை பிரான்ஸ் குழுவின் உரிமை. 1676-ல் நிக்கோலாஸ் கொட்டோனர் இங்கே உடற்கூறியல், அறுவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி வைத்தார். மால்டா மருத்துவக் கல்விக்கு அதுதான் வேர்.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. 1786-ல் ஜான் ஹோவர்டு என்ற ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி வந்து பார்த்தார். சிறைகளையும் ஆஸ்பத்திரிகளையும் நாடு நாடாகப் போய்ப் பார்த்து எழுதியவர். வார்டுகள் அழுக்காக இருந்தன, பணியாட்கள் கந்தலும் முரட்டுத்தனமுமாக இருந்தார்கள், கிராண்ட் மாஸ்டரின் குதிரை லாயம் இதைவிடச் சுத்தமாக, ஆள்பலத்தோடு இருந்தது என்று எழுதினார். எந்த ஆஸ்பத்திரியும் சுவரால் நிற்பதில்லை, ஆளால் நிற்கிறது. 600 ஆண்டு விதிகளை வைத்திருந்த சபை, குதிரைக்குக் கொடுத்த ஆளை நோயாளிக்குக் கொடுக்காத நாளில் உள்ளுக்குள் முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த நெப்போலியனுக்கு அதிக வேலை இருக்கவில்லை. வெள்ளிப் பாத்திரங்களில் பெரும்பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் உருக்கிவிட்டார்கள்.

கோ-கதீட்ரல்: கீழே பார்த்து நடங்கள்

சபையின் தலைமைக் கோயிலாக இருந்த புனித யோவான் கோ-கதீட்ரல் (இணைப் பேராலயம்) 1570-களில் எழுந்தது. வெளியே கோட்டைச் சுவர் போல மொட்டையாக நிற்கும். உள்ளே தங்கம். மேற்கூரை ஓவியங்கள் ஓவியர் மாத்தியா ப்ரெத்தி 1661 முதல் 1666 வரை வரைந்தவை. எல்லோரும் தலையைத் தூக்கிக்கொண்டே நடப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள்.

சுமார் 400 நைட்டுகளின் கல்லறைப் பலகைகள் தரையாகப் பதிந்திருக்கின்றன. பல நிறச் சலவைக்கல்லை வெட்டிப் பொருத்திய வேலை. லத்தீன் தெரியாவிட்டாலும் படிக்கலாம். தலைப்பில் டி.ஓ.எம். என்ற மூன்று எழுத்து இருக்கும். மிக நல்லவரும் மிகப் பெரியவருமான இறைவனுக்கு என்று பொருள். பெயருக்கு முன்னால் ஃப்ரா என்று சுருக்கமாக இருந்தால் அவர் சபைச் சகோதரர். ‘ஓபியித்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இறந்த நாள். ‘ஏத்தாத்திஸ்’ என்பதற்குப் பக்கத்தில் வயது. அந்த வயதுகளைத் தேடிப் படியுங்கள். இருபதுகளில் செத்தவர்கள் உண்டு. எலும்புக்கூடும், மணற்கடிகாரமும், அரிவாளும் ஏன் இத்தனை இடத்தில் என்று அதற்குப் பிறகு கேட்கத் தோன்றாது.

கதீட்ரலின் சிற்றாலயத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608-ல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியம் இருக்கிறது. யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழியும் இரத்தத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம் இதுதான். அந்த ஆண்டு ஜூலையில் சபையில் சேர்த்துக்கொண்டார்கள், சண்டை ஒன்றில் மாட்டிச் சாந்த் ஆஞ்சலோவில் அடைபட்டார், அங்கிருந்து தப்பினார், டிசம்பர் 1 அன்று இதே அறையில், இதே ஓவியத்தின் முன்னால் கூடிச் சபையை விட்டு நீக்கினார்கள். கூட்டம் இல்லாத நேரம் வேண்டுமென்றால் திறந்தவுடன் நேராக இங்கே வந்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து அரகோன் குழுவின் வழிபாட்டு மாடத்தில் நிக்கோலாஸ் கொட்டோனரின் நினைவுச் சின்னம். அறுவைப் பள்ளி தொடங்கிய அதே கொட்டோனர். அவருடைய சிலையையும் ஆயுதக் குவியலையும் முதுகில் தாங்கிக் குனிந்திருக்கும் இரண்டு மனித உருவங்கள் இருக்கின்றன. அடிமைகள். அவர்கள் முகத்துக்கு நேரே குனிந்து பாருங்கள். சிற்பி அந்த வேதனையை மறைக்கவில்லை.

சபையின் துடுப்புக் கப்பல்கள் ஓடியது அடிமைகளின் தோள்பலத்தில். வடஆப்பிரிக்கக் கரைகளிலும் கடலிலும் பிடித்த முஸ்லிம்களைச் சங்கிலியில் வைத்துத் துடுப்பு போட வைத்தார்கள், விற்றார்கள். அக்கரையிலும் இதுவே நடந்தது; 1551-ல் கோஸோ தீவின் மக்களில் ஏறக்குறைய எல்லோரையும், சுமார் 5000 பேரை, ஒட்டோமான் படை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போனது. அதைச் சொல்லி இதைச் சரிக்கட்ட முடியாது. 1749-ல் வலேட்டாவின் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டுப் பிடிபட்டார்கள், கொடூரமாகத் தண்டித்தார்கள். தீவில் அடிமை முறையை ஒழித்தது நெப்போலியன். குழந்தைக்குத் தனித் தொட்டில் கேட்ட அதே சபை என்று என்னோடு வந்த தங்கை ஒருத்தி இந்த இடத்தில் அழுதாள். எனக்கும் இன்றுவரை இங்கே பேச்சு வருவதில்லை. வருகிறவர்களை நிறுத்திக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

1798-க்குப் பிறகு

நெப்போலியன் எகிப்துக்குப் போகிற வழியில் வந்தார். கிராண்ட் மாஸ்டர் ஹொம்பெஷ் ஜூன் 12 அன்று ஒப்படைத்துவிட்டார். சக கிறிஸ்தவரை எதிர்த்துப் போரிடக் கூடாது என்பது சபை விதி. நைட்டுகளில் பலர் பிரெஞ்சுக்காரர்கள். ஊர் மக்களும் சலித்துப் போயிருந்தார்கள். சபை சிதறி, 1834-ல் ரோமில் நிலைகொண்டது. இன்றும் கொந்தோத்தி வீதியில் தலைமையகம். நாடு கிடையாது, ஆனால் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுடன் தூதரக உறவு, 1994 முதல் ஐ.நா.வில் பார்வையாளர் இடம். வாள் எடுப்பதில்லை. பெத்லகேமில் 1990 முதல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கே உண்டு.

இங்கிலாந்தில் இந்த மரபைத் தழுவித் தனியாக உருவான கிளை, 1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸைத் தொடங்கியது. அது நம் ஊர்வரை வந்தது. தமிழ்நாட்டில் பஸ் கண்டக்டர் லைசன்ஸுக்குப் போனவர்களுக்கு முதலுதவிச் சான்றிதழ் தெரியும். என் அப்பா கண்டக்டர். அவருடைய சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது, தலைப்பில் எட்டு முனைச் சிலுவை. அப்பா மால்டா வந்தபோது கதீட்ரல் வாசலில் அதைப் பார்த்துவிட்டு, “இது நம்ம செயின்ட் ஜான்ல?” என்றார். நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நடைமுறைக் குறிப்புகள்

இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காலை பிர்கு, மதியத்துக்கு மேல் வலேட்டாவின் தெருக்கள். இரண்டாம் நாள் காலை திறந்தவுடன் கதீட்ரல், பிறகு கிராண்ட் மாஸ்டர் அரண்மனை, பிற்பகல் சாக்ரா இன்ஃபெர்மேரியா. அரண்மனையில் 1565 முற்றுகையை மத்தேயோ பெரெஸ் தலேச்சியோ என்ற ஓவியர் சுவர் ஓவியங்களாக வரைந்திருக்கிறார். பிர்குவை நேரில் பார்த்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு கோட்டையையும் நீங்களே அடையாளம் சொல்வீர்கள். ஆயுதக் கூடமும் அங்கேதான். கோட்டைகளுக்கும் அரண்மனைக்கும் ஹெரிட்டேஜ் மால்டாவின் கூட்டு டிக்கெட் லாபம். கதீட்ரலுக்குத் தனி டிக்கெட், ஒலி வழிகாட்டியும் அதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை கதீட்ரல் வழிபாட்டுக்கு மட்டும்.

தோள் மூடிய உடை வேண்டும். சேலை தாராளமாகக் கட்டலாம். கூர் ஹீல்ஸ் செருப்போடு உள்ளே விட மாட்டார்கள், சலவைக்கல் உடைந்துவிடும். வலேட்டாவின் படிக்கட்டுத் தெருக்கள் தேய்ந்து வழவழப்பானவை, மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டி வந்தால் சாக்ரா இன்ஃபெர்மேரியாவுக்கு இறங்கி நடக்கலாம், திரும்ப ஏற பஸ் பிடியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மதிய வெயிலில் யாரையும் நடக்க வைக்காதீர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வலேட்டாவின் மறுபக்கத்திலிருந்து ஸ்லீமா ஃபெரியில் ஏறி இடது பக்கம் உட்காருங்கள். மனோயல் தீவின் கரையோரம் நீளமான வளைவுகளோடு ஒரு கட்டடம் தெரியும். 1643-ல் கிராண்ட் மாஸ்டர் லாஸ்காரிஸ் கட்டிய லாசரெட்டோ. கிழக்கிலிருந்து வரும் கப்பல்களின் பயணிகளை கொள்ளைநோய்க்குப் பயந்து வாரக்கணக்கில் அங்கே தனிமைப்படுத்தி வைத்தார்கள். வந்த கடிதங்களைக்கூடக் கத்தியால் கீறி, புகை போட்டு, வினிகரில் நனைத்த பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். ஃபெரி அரை மணிக்கு ஒன்று ஓடுகிறது.